எங்கள் நாட்டில் மட்டும் ஓடாத விளம்பரம்

இந்த அத்தியாயத்தில் நான் அடிக்கும் ஜோக்குகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மட்டம்தான். ஒவ்வொன்றும் தொண்டையில் மாட்டி, முக்கி முனகி வெளியே வந்தவை. காரணம் போகப் போகத் தெரியும். தெரிந்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, நான் அதைவிடக் கேவலமாக நினைத்து முடித்துவிட்டேன்.

சமோவாவின் தலைநகர் ஆபியாவில், சந்தைக்கு எதிரே மாடியில் ஃபுவாதினோ அக்காவின் அறை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவர். எக்ஸ்சேஞ்சை மூடிய பிறகு, கேட்டுப் பழகிய காதை வீணாக்க மனமில்லாமல் துப்பறிய வந்துவிட்டார். நான் பெசமினோ. டாக்ஸி என்னுடையது, வாயும் என்னுடையது. இரண்டையும் அவருக்காக ஓட்டுகிறேன்.

அன்று காலை கோகோவில் முதல் வாய் வைப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது என் சொந்த அத்தை, தெலேசியா. கையில் ஒரு கூடை. மலைக்கு அந்தப் பக்கம் சாலேமோவாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"ஃபுவாதினோ, உட்கார நேரமில்ல. என் வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னாடியே பாயைப் போர்த்திக்கிட்டு எங்க ஊர் மூத்த தலைவர் சேலேமானு வாசல்ல போய் உட்கார்ந்துட்டார்."

அக்கா கோகோவைக் கீழே வைத்தார். நான் ஒரே மடக்காக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

பாயைப் போர்த்தி உட்காருவது விளையாட்டில்லை. வீட்டில் எவனோ ஒருவன் பெரிய தப்புப் பண்ணிவிட்டால், வீட்டுத் தலைவர் குடும்பத்தின் உயர்ந்த பாயைத் தலையோடு மூடிக்கொண்டு, அவமானப்பட்டவர் வாசலில் மண்ணில் உட்கார வேண்டும். அவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று. தூக்காவிட்டால் தீர்ந்தது கதை. இந்தத் தடவை ஊர்த் தலைவர்கள் சபை கெடுவும் வைத்திருந்தது. மாலை ஜெப மணி அடிக்கும்வரை சேலேமானு தூக்கவில்லை என்றால் மாமாவின் தலைவர் பட்டம் போகும், வீடு மொத்தமும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். மாமாவுக்கு வயது எழுபத்தொன்று, சர்க்கரை வேறு.

"அந்த விளம்பர விஷயமா?" என்றார் அக்கா.

"அதேதான். போன வாரம் சேலேமானுவோட தங்கச்சிக்கு ஆக்லாந்துல அடக்கம். பேச்சாளர் எழுந்து நம்ம ஊர்ப் பட்டங்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பிச்சிருக்கார். முதல் பேரைச் சொன்னதும் பின்வரிசைப் பசங்க அத்தனை பேரும் ஒரே குரல்ல 'சுத்து, ஜெயி!'ன்னு கத்தியிருக்காங்க. சர்ச்சே சிரிச்சிடுச்சாம். பெட்டியில பொணம் இருக்கு ஃபுவாதினோ, சிரிக்கறாங்க."

விஷயம் இதுதான். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் ஆட்களின் போனில் ரெண்டு மாசமாக ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. எங்கள் மொழியில், எங்கள் சபைப் பேச்சு போலவே, எங்கள் ஊரின் பட்டங்களுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கி, 'சுத்து, ஜெயி!' என்று முடிகிறது. பட்டம்தான் தலைவரின் பெயர்; சபையில் வாயைத் திறக்கும் முன் குளித்துவிட்டு வந்து சொல்லும் பெயர்கள் அவை.

"ஊர்ல அஞ்சு பட்டம். அதுல நாலு பட்டத்துக்குத்தான் வணக்கம் சொல்லியிருக்கு, எங்க வீட்டுத் தூலியாவு பட்டத்துக்கு இல்லையாம். தன்னைத் தானே எவனும் வணங்கிக்க மாட்டான், அதனால பேசினது தூலியாவுதான்னு சபையில முடிவு கட்டிட்டாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"பாயை எடுத்துக் குடுன்னார். வேற ஒரு வார்த்தை இல்ல." அத்தையின் குரல் உடைந்தது. "அவருக்கு போன்ல பேசறதைத் தவிர என்ன தெரியும்? நீயே சொல்லுடா."

"அலாரம் அடிச்சா நிறுத்தத் தெரியாம சட்டியில போட்டு மூடி வைப்பார்" என்றேன். அக்கா சிரித்தார். தூலியாவு என் அம்மாவின் அண்ணன். அவர் தோட்டத்துச் சேம்பங்கிழங்கைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

"சரி. அந்த விளம்பரத்தை ஊர்ல யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கல. எல்லாம் வெளிநாட்டுச் சொந்தக்காரங்க போன்ல சொன்னதுதான்."

அக்கா தன் போனில் தேடினார். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது.

"நம்ம வீட்டுக் கல்யாணம், நமக்கே பந்தியில இடமில்ல" என்றேன்.

"பக்கத்துல அமெரிக்க சமோவாவுல, பாகோ பாகோவுல இருக்கற என் தங்கச்சி பார்த்திருக்கா" என்றாள் அத்தை.

"தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அங்க இன்னும் நேத்துதான் நடக்குது. நம்மள விட ஒரு நாள் பின்னாடி இருக்கறவங்க நமக்கு முன்னாடியே பார்த்துட்டாங்க பாருங்க."

அக்கா சிரிக்கவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கேட்டவங்க சொன்னது வேண்டாம். நானே கேக்கணும். வண்டியை எடு."

உள்ளுக்குள் அந்தக் கறுப்புத் திரைப் பூட்டை நம்பிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

*

மீன் சந்தைக்குப் பின்னால் பெலெனிசேயின் போன் ரிப்பேர் கடை. தோளில் பச்சை குத்திய பெரிய உடம்புக்காரி, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள்.

"போன் எந்த ஊர்ல இருக்கறதா நினைக்கணும்?" என்று கேட்டாள். "ஆக்லாந்தா, சிட்னியா?"

"என்னக்கா, வாடகைக்கு வீடு பார்க்கற மாதிரி கேக்கறீங்க" என்றேன். பிறகு ஃபுவாதினோ அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் சட்டப்படி சரியா? நம்ம பேர் கெட்டுடாதா?" என்றேன்.

"ஒருவழிப் பாதையில எதிர்ல ஓட்டறப்ப இந்தக் கேள்வி எங்கடா போச்சு?"

பெலெனிசே ஒரு ஆப்பைத் தட்டினாள். அவ்வளவுதான், இருபது நொடியில் அந்தப் போன் ஆக்லாந்துக்குக் குடிபோய்விட்டது. நான் ரெண்டு மாசமாக நம்பிக்கிடந்த கோட்டைச் சுவர் ஒரு கட்டைவிரல் கனம்கூட இல்லை.

"ஒரு வேடிக்கை சொல்லட்டா?" என்றாள் பெலெனிசே. "இதே கம்பெனி டோங்கா மொழியில ஒண்ணு போட்டிருக்கான், அது டோங்காவுலயே ஓடுது. ஃபிஜி மொழி விளம்பரம் ஃபிஜியில ஓடுது. நம்ம மொழியில போட்டது மட்டும் நம்ம நாட்டுல ஓடாது. வேற எந்த நாட்டுலயும் பூட்டல."

அக்காவின் விசிறி நின்றது. "அப்ப கம்பெனிக்காரன் வழக்கமா போடற பூட்டு இல்ல இது. யாரோ கேட்டு வாங்கின பூட்டு."

"யாரு கேப்பாங்க?" என்றாள் அத்தை.

"யாரு இங்க முகம் காட்டி வாழணுமோ அவங்கதான். ஆக்லாந்துக்காரன் பேசியிருந்தா ஆக்லாந்தைப் பூட்டச் சொல்லியிருப்பான். பேசின ஆள் இந்தத் தீவுலதான் நடமாடறான்."

விளம்பரம் ஓடியது. தங்கச் சக்கரம் ஒன்று, பின்னால் பொம்மைத் தென்னைமரம், கையில் பேச்சாளரின் கோலும் சாமரமுமாக ஒரு கார்ட்டூன் கிழவர். குரலை மெஷினில் போட்டுத் தடிமனாக்கியிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. கேட்டதும் எனக்குக் காது சுட்டது. அத்தை கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா மூன்று தடவை ஓடவிட்டார். மூன்றாம் தடவை திரையைப் பார்க்கவே இல்லை, எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தது போல ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"சேலேமானு, தௌலாஃபோ, பூலேதா, அவேபா. தெலேசியா, சபையில பேச்சாளர் எழுந்து வணங்கறப்ப அவேபா எத்தனாவது?"

"ரெண்டாவது. சேலேமானுவுக்கு அடுத்தது அவேபாதானே."

"இதுல கடைசியா வருது."

"தெரியாத பய எவனோ உளறியிருக்கான்" என்றேன் நான். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். "தெரியாதவன் நாலு பேரையும் இவ்வளவு சுத்தமா சொல்ல மாட்டான். வா, சாலேமோவாவுக்குப் போகலாம்."

*

மலைப்பாதையில் தூறல். பின் சீட்டில் அத்தை கூடையைத் திறந்து, எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளை எடுத்து என் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"சாப்பிடுடா. காலையிலேருந்து வெறும் வயித்துல ஓட்டற."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

"ரெண்டு விஷயம் இடிக்குது" என்றார் அக்கா, பாதையைப் பார்த்தபடி. "தூலியாவு சபையில நாப்பது வருஷம் வணக்கம் சொன்ன மனுஷன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அவேபாவை ரெண்டாவதாத்தான் சொல்வார். வாய் அப்படிப் பழகியிருக்கும். அதனால பேசினது அவர் இல்ல."

"நான் சொன்னேன்ல!" அத்தை என் சீட்டைப் பிடித்துக் குலுக்கினாள். "கேட்டியாடா, உன் மாமா இல்ல!"

"கேட்டேன் அத்தை."

"ஆனா தூலியாவு பேரு மட்டும் விட்டுப் போச்சே, அது ஏன்? பட்டம் வச்சிருக்கறவர் மட்டும்தான் தன் பேரை விடுவாரா? அந்த வீட்டுல வளர்ந்தவங்க யாரா இருந்தாலும் சொந்த வீட்டுக்குத் தானே வணக்கம் போட வாய் கூசும். அப்ப ஆள் அந்த வீடுதான், ஆனா பேச்சாளர் இல்ல. சபையில எழுந்து பேசியே பழக்கமில்லாதவன். இருந்தும் பேரெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கான். அதுவும் அவேபா கடைசியில."

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"கடைசியா வர்ற இடம் ஒண்ணு இருக்கு" என்றார் அக்கா. "சபையில காவா வேர்ப் பானம் கலக்கிக் கோப்பை பரிமாறும்போது முதல் கோப்பை சேலேமானுவுக்கு. கடைசிக் கோப்பை அவேபாவுக்கு. முதல் கோப்பைக்கு எவ்வளவு மரியாதையோ, கடைசிக்கும் அவ்வளவு. உட்கார்ந்து குடிக்கறவங்க தலையில பேச்சாளரோட வரிசை இருக்கும். குனிஞ்சு கோப்பையை எடுத்துட்டுப் போறவன் தலையில இந்த வரிசைதான் இருக்கும். தெலேசியா, உங்க வீட்டுலேருந்து சபைக்குக் கோப்பை சுமக்கப் போறது யாரு?"

"அது இவன்தான்" என்றாள் அத்தை, சாதாரணமாக. "இருபது வருஷமா இவன்தான் —"

நிறுத்திவிட்டாள். அவள் கை என் சீட்டிலிருந்து விலகுவது முதுகில் தெரிந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். ஜோக் ஒன்று வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "நான்தான் அக்கா" என்றேன்.

"சொல்லு."

"சிட்னியிலேருந்து ஒரு கம்பெனி. இணையத்துல ஆள் தேடினாங்க. சமோவா மொழியில பெரிய மனுஷத் தோரணையா ஒரு குரல் வேணும்னாங்க. அனுப்பினேன், பிடிச்சுப்போச்சு. ஒரு நாள் முழுக்க என்னைப் 'பேச்சாளரே, பேச்சாளரே'ன்னு கூப்பிட்டாங்க அக்கா. எனக்கு நாப்பத்தோரு வயசு. பட்டமில்லாதவன், சபையில குனிஞ்சு போய்க் குனிஞ்சு வர்றவன். அங்க நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது."

"பட்டங்களைச் சொல்லச் சொன்னது அவங்களா?"

அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். "இல்ல. அவங்க எழுதிக் குடுத்தது 'வணக்கம் நண்பர்களே'. இப்படி ஆரம்பிச்சா எங்க ஆளுங்க காது குடுக்க மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். ஊர்ப்பட்டத்தை வணங்காம எங்களுக்குப் பேச்சே வராதுன்னேன். பிரமாதம், இதுதான் உள்ளூர் வாசனைன்னு கைதட்டினாங்க. இதே வண்டியில கண்ணாடியை ஏத்திட்டுப் பேசிப் பதிவு பண்ணேன்."

"பூட்டு?"

"அதுவும் நான்தான். சமோவாவுல மட்டும் காட்டக் கூடாதுன்னு கெஞ்சினேன். அது சுலபம், ஒரு கட்டத்துல டிக் அடிச்சாப் போதும், உங்க நாட்டுல ஒரு கண்ணும் பார்க்காதுன்னாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்தால் தேவலை. "நம்ம ஜனத்துல பாதிக்கு மேல வெளியிலதான்டா இருக்கு. ஊரைப் பூட்டிட்டா ஊர்க்காரனைப் பூட்டின மாதிரியா?"

மாமா விடியலிலிருந்து மண்ணில் உட்கார்ந்திருப்பது காலையிலேயே தெரியும். தெரிந்தும் ஐந்து மணி நேரம் இவர்களுக்கு வண்டி ஓட்டி, ஜோக்கும் அடித்திருக்கிறேன். விளம்பரத்தைவிட அதுதான் என்னைக் கொன்றது.

"தெலேசியா, நீதான் என்னைக் கூப்பிட்டே. நீ சொல்லு" என்றார் அக்கா.

அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். மடியிலிருந்த மாவுருண்டைகள் ஆறிப்போயிருந்தன.

"வண்டியை எடு" என்றாள் கடைசியில். "வேகமா ஓட்டு. வெயில்ல இருக்கார்."

*

சேலேமானுவின் வீட்டில் வாசல் பக்கத்துத் தட்டிகள் எல்லாம் இறக்கியிருந்தன. முற்றத்தில் ஒற்றை ஆளாக ஒரு பாய்க் குவியல், ஓரமெல்லாம் சிவப்பு இறகு. சாலையோரம் ஊரே நின்றது, யாரும் கிட்டே போகவில்லை. என் அம்மாவும் நின்றாள்.

"உள்ள போய் அவங்ககிட்ட நான் சொல்லணுமா?" என்றார் அக்கா.

"வேணாம் அக்கா. நான் உட்கார்ந்தா அவங்களுக்கே தெரியும்."

முற்றத்தின் குறுக்கே நடந்தேன். இருபது வருஷமாக அந்த முற்றத்தில் கோப்பையோடு எத்தனை தடவை குனிந்து நடந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முதுகு தானாக வளைந்தது. பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்தேன். சாலையோரத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

உள்ளே இருட்டு, வேர்வை, பழைய ஓலை வாசனை.

"யாரு?" என்றார் மாமா. குரல் வறண்டிருந்தது.

"நான்தான் மாமா."

"காலை மடக்கிக்கோ. வெளிய தெரியுது."

மடக்கிக்கொண்டேன். அவர் தோள் என் தோளில் இடித்தது, காய்ச்சல்காரன் போலச் சுட்டது. "மாமா, அதுல பேசினது நான்."

"தெரியும். போன வாரமே பாகோ பாகோவுலேருந்து போன்ல போட்டுக் காட்டினாங்க. குரலைத்தான் மாத்தியிருந்தாங்க. மூச்சு விடற இடம் உன்னோடது."

"அப்ப ஏன் மாமா சபையில சொல்லல?"

"என்ன சொல்றது? என் வீட்டுலேருந்து போச்சு. என் வீடு உட்காருது."

திட்டட்டும், நாலு அறை விடட்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா கொஞ்ச நேரம் இருமினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நல்லாப் பேசியிருந்தேடா."

என் வாழ்க்கையில் நான் கேட்க ஆசைப்பட்ட ஒரே வார்த்தை அது. அது எந்த இடத்தில், எதற்காக வந்தது என்று நினைத்தபோது என் உடம்பு கூசிச் சுருங்கியது.

"வேணாம் மாமா. சொல்லாதீங்க."

"இல்ல, கேளு. உன் குரலைச் சபையில ஒரு தடவையாவது எழுப்ப விட்டிருக்கணும். இவன் வாயாடிப் பய, சிரிக்க வைக்கத்தான் லாயக்குன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. அதுக்கும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருக்கேன்."

நான் அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தட்டி ஒன்று உயரும் சத்தம் கேட்டது. சரளைக் கல்லில் காலடிகள் மெதுவாக வந்தன. எங்கள் முன்னால் இரண்டு கிழட்டுக் கால்கள் நின்றன, நரம்போடி, நகம் மஞ்சளாகி. சேலேமானு வெகுநேரம் அப்படியே நின்றார். தங்கையைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

பாய் உயர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"எழுந்திரு தூலியாவு" என்றார். கை கொடுத்து மாமாவைத் தூக்கினார். மாமாவின் முழங்கால் மரத்துப்போயிருந்தது, அத்தை ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் எழுந்திருப்பா" என்றார் என்னிடம். குரலில் கோபமே இல்லை.

நான் எழவில்லை. மாமா விடியலிலிருந்து உட்கார்ந்தது என் தப்புக்கு, நான் உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயை மாமாவின் கையில் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூடிக்கொள்ள எதுவும் இல்லாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.